ஜீ பீ: கிரான்வில் சகோதரர்களின் விமானப் பட்டறை

கிரான்வில் பிரதர்ஸ் ஏர்கிராஃப்ட், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1929 முதல் 1933 வரை இயங்கிய சிறு விமானத் தயாரிப்பு நிறுவனம். நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதன் விமானங்கள் 'ஜீ பீ' எனப்பட்டன. மொத்தத்தில் கட்டியவை இருபத்துச் சொச்சம் விமானங்களே. ஆனாலும் நூற்றுக்கணக்கில் விமானம் விற்ற பல நிறுவனங்களுக்குக் கிடைக்காத அளவு கவனம் இந்தப் பட்டறைக்குக் கிடைத்திருக்கிறது. விமான வரலாற்று ஆர்வலர்கள் அதன் வரைபடங்களையும் படச்சுருள்களையும் இன்றும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். உலகச் சாதனையும் அடுத்தடுத்த சாவுகளும் இந்நிறுவனத்தின் கணக்கில் ஒன்றாகவே ஏறியதுதான் இதற்குக் காரணம்.

தொடக்கம்

நிறுவனர் ஜான்ட்ஃபோர்டு கிரான்வில் 1901இல் பிறந்தவர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மேடிசன் என்ற சிற்றூர்க்காரர். பொறியியல் பட்டம் பெறாமல் கைத்தொழிலாகவே இயந்திர வேலை கற்றவர். பாஸ்டனில் விமானம் பழுதுபார்க்கும் தொழிலைத் தொடங்கினார். கருவிகளை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, பழுதான விமானம் நிற்கும் இடத்துக்கே போய் வேலை செய்து தருவது அவர் வழக்கம். தம்பிகள் தாமஸ், ராபர்ட், மார்க், எட்வர்டு நால்வரும் பிறகு சேர்ந்துகொண்டனர். அவர்களின் முதல் விமானமான 'மாடல் ஏ' 1929 மே 3 அன்று பறந்தது. இரட்டை இறக்கை கொண்ட அதில் இருவர் அருகருகே உட்காரலாம்.

ஐஸ்கிரீம், பால் வியாபாரத்தில் பணம் சேர்த்த டேட் சகோதரர்கள் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு விமான நிலையம் வைத்திருந்தனர். அவர்கள் முதலீடு தர, பட்டறை அங்கே இடம் மாறியது. பயன்படாமல் கிடந்த நடனக் கூடம் ஒன்று தொழிற்கூடமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. உல்லாசப் பயண விமானம் வாங்க ஆளில்லை. மாடல் ஏ ஏறத்தாழ ஒன்பதோடு நின்றது.

பந்தயத்தை நம்பிய தொழில்

மந்தக் காலத்தில் சிறு விமானப் பட்டறைக்கு ரொக்கம் வரக்கூடிய வழியாக மிஞ்சியது பந்தயப் பரிசு. 1930இல் ஒற்றை இறக்கை கொண்ட 'ஸ்போர்ட்ஸ்டர்' விமானத்தை விமானி லோவல் பேல்ஸ் ஓட்டி, சிரஸ் நிறுவனம் நடத்திய நாடு சுற்றும் பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றார். பரிசு 7,000 டாலர். அந்தப் பணமே பட்டறையைக் காப்பாற்றியது எனலாம்.

அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு ஊராரிடம் பங்கு விற்றுப் பந்தயச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அந்தப் பணத்தில், ஐந்து வாரத்துக்குள், 5,000 டாலருக்கும் குறைவான செலவில் 'மாடல் இசட்' உருவானது. அதற்கு வைத்த பெயரே 'சிட்டி ஆஃப் ஸ்பிரிங்ஃபீல்டு'. 1931 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் நடந்த தாம்ஸன் கோப்பைப் போட்டியில் பேல்ஸ் அதை மணிக்குச் சுமார் 380 கி.மீ. சராசரி வேகத்தில் ஓட்டி வென்றார். அக்கால அமெரிக்க ராணுவத்தின் போயிங் பி-12 போர் விமானத்தின் உச்ச வேகமே ஏறத்தாழ 300 கி.மீ.தான் என்பதை நினைத்தால், நடனக் கூடத்துப் பட்டறையின் திறமை விளங்கும்.

அடுத்து உலக வேகச் சாதனையைக் குறிவைத்து, இசட் விமானத்தின் 535 குதிரைத்திறன் இயந்திரத்தை எடுத்துவிட்டு 750 குதிரைத்திறன் இயந்திரம் பொருத்தினர். தரையில் ஏறி இறங்கும் விமானங்களுக்கான உலக வேகச் சாதனை அப்போது மணிக்கு 448 கி.மீ. டெட்ராய்ட் அருகே பேல்ஸ் 453 கி.மீ. எட்டினார். பழைய சாதனையை 8 கி.மீ.யாவது மிஞ்சினால்தான் கணக்கில் சேரும் என்பது விதி. மறுபடி முயன்ற 1931 டிசம்பர் 5 அன்று, தாழப் பறந்துகொண்டிருந்த விமானத்தின் இறக்கை பிய்ந்தது, பேல்ஸ் இறந்தார். அந்தக் காட்சி படம்பிடிக்கப்பட்டிருந்தது. எரிபொருள் தொட்டியின் மூடி கழன்று முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு விமானியைத் தாக்கியிருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

ஆர்-1, ஆர்-2

1932இல் பொறியாளர் ஹோவெல் மில்லரின் வடிவமைப்பில், நியூயார்க் பல்கலைக்கழகக் காற்றுச்சுரங்கத்தில் மாதிரியைச் சோதித்துக் கட்டப்பட்டவை ஆர்-1, ஆர்-2 என்ற இரட்டையர். படத்தில் பார்த்தவர் மறக்க முடியாத உருவம்: பீப்பாய் போன்ற உடல், நீளம் 18 அடிக்கும் சற்றுக் குறைவு, இறக்கை விரிவு 25 அடி. ஆர்-1இன் மூக்கில் 800 குதிரைத்திறன் இயந்திரம். விமானி வால் துடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பார். பந்தயக் கம்பங்களைச் சுற்றித் திரும்பும்போது பார்வை மறையாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அகன்ற உடலும் விளையாட்டுக்கு வந்ததல்ல. பெரிய வட்ட இயந்திரத்தின் பின்னே உடலை நீர்த்துளி வடிவில் மெல்லக் குறுக்கினால் காற்றெதிர்ப்பு குறையும் என்ற கணக்கு.

ஆர்-1ஐ ஓட்ட வேண்டிய ரஸல் போர்டுமன் வேறொரு ஜீ பீ விபத்தில் காயமடைந்தார். அவருக்குப் பதிலாக விமானி ஜிம்மி டூலிட்டில் அழைக்கப்பட்டார். அவர் முதலில் 5,000 அடி உயரத்துக்கு ஏறிக் கம்பம் சுற்றுவதுபோல் திருப்பிப் பார்த்தார். விமானம் அவர் கைக்கு அடங்கும் முன் இரண்டு முறை உருண்டது. பிறகு அதை எச்சரிக்கையோடே கையாண்டார். செப்டம்பர் 3 அன்று மணிக்கு 476 கி.மீ.க்கு மேல் பறந்து அதே பிரிவில் உலகச் சாதனை. இரண்டு நாள் கழித்துத் தாம்ஸன் கோப்பை. பிறகு விரைவில் பந்தயத்தையே விட்டு விலகினார். பத்தாண்டுக்குப் பின் 1942இல் டோக்கியோமீது குண்டுவீசிய படைக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

வீழ்ச்சி

1933 பெண்டிக்ஸ் விமானப் போட்டியில் இண்டியானபொலிஸில் எரிபொருள் நிரப்பி எழும்பிய ஆர்-1 கவிழ்ந்து போர்டுமன் மாண்டார். செப்டம்பரில் சிகாகோவில் பெண் விமானி புளோரன்ஸ் கிளிங்கன்ஸ்மித், இயந்திரத் திறன் கூட்டப்பட்ட 'மாடல் ஒய்' விமானத்தின் இறக்கைத் துணி கிழிந்ததால் விழுந்து இறந்தார். அதைக் காரணம் காட்டி அடுத்த ஆண்டு பெண்டிக்ஸ் போட்டியில் பெண்களைச் சேர்க்க மறுத்தார்கள். அதே பந்தயங்களில் ஆண்கள் எத்தனையோ பேர் இறந்தும் அவர்களுக்கு அப்படித் தடை வந்ததில்லை. 1933 இலையுதிர்காலத்தில் நிறுவனம் திவாலானது. 1934 பிப்ரவரியில் ஸ்போர்ட்ஸ்டர் ஒன்றை ஒப்படைக்கப் போன ஜான்ட்ஃபோர்டு, தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் இறங்கும்போது விமானம் விழுந்து உயிரிழந்தார். மிஞ்சிய பாகங்களைச் சேர்த்துக் கட்டிய பந்தய விமானத்தில் 1935இல் சிசில் ஆலன் இறந்தார்.

மறு ஆய்வு

'ஆளைக் கொல்லும் விமானம்' என்ற பெயர் இப்படித்தான் நிலைத்தது. ஆர்வலர்களின் ஆய்வு செய்த பெரும்பணி, இந்தச் சாவுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. ஒன்றில் இறக்கை முறிவு; ஒன்றில் எரிபொருள் பாரத்தோடு எழும்பியது; ஒன்றில் துணி இறக்கைக்குத் தாங்காத இயந்திரம்; ஒன்றில் பின்புறம் சேர்த்த கூடுதல் தொட்டியால் வால் கனத்தது. வடிவமைப்பு பிழையற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஒரே குறை எல்லாரையும் கொன்றது என்ற கதை நிற்காது. ஹென்றி ஹாஃப்கே 1989இல் வெளியிட்ட நிறுவன வரலாற்று நூல் இந்த வரிசையில் குறிப்பிடத்தக்கது.

வலுவான சான்று காகிதத்திலிருந்து வரவில்லை. ஸ்டீவ் உல்ஃப், டெல்மர் பெஞ்சமின் இருவரும் ஓரிகனில் ஆர்-2வின் பறக்கும் பிரதியைக் கட்டினர். 1991 டிசம்பரில் அது பறந்தது. பெஞ்சமின் அதில் தலைகீழாகவும், இறக்கை செங்குத்தாக நிற்கும்படி பக்கவாட்டிலும் பறந்து, பத்தாண்டுக்கு மேல் சாகசக் காட்சிகள் நடத்தி உயிரோடு ஓய்வு பெற்றார். பழகிய கைக்கு அது அடங்கும். பழகாத கைக்கு அவகாசம் தராது. டூலிட்டில் 5,000 அடி உயரத்தில் கண்டதும் அதுவே.

எஞ்சியவை

பிரதியான ஆர்-2 பின்னர் ஃபுளோரிடாவின் ஃபேன்டஸி ஆஃப் ஃபிளைட் தொகுப்பில் சேர்ந்தது. கனெக்டிகட்டின் நியூ இங்கிலாந்து விமான அருங்காட்சியகத்தில் அசல் மாடல் ஏ ஒன்றும், மூல வரைபடங்களைக் கொண்டு செய்த பறக்காத ஆர்-1 பிரதியும் உள்ளன. திவாலுக்குப் பின் ஜான்ட்ஃபோர்டும் மில்லரும் டி லாக்னர் என்பவரும் தொடங்கிய கூட்டு நிறுவனம் 1934இல் கட்டிய 'கியூ.இ.டி.' விமானத்தில் பெண் விமானி ஜாக்குலின் காக்ரன் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் செல்லும் பந்தயத்தில் இறங்கி, புக்கரெஸ்டோடு விலகினார். அதை வாங்கிய மெக்சிகோ விமானி பிரான்சிஸ்கோ சராபியா, 1939 மே 24 அன்று மெக்சிகோ நகரிலிருந்து நியூயார்க்குக்கு 11 மணி நேரத்துக்குள் பறந்து அமேலியா இயர்ஹார்ட்டின் சாதனையை முறியடித்தார். இரு வாரம் கழித்து வாஷிங்டனில் அதே விமானத்தோடு அனகோஸ்டியா ஆற்றில் விழுந்து இறந்தார். ஆற்றிலிருந்து மீட்டுச் சீரமைக்கப்பட்ட கியூ.இ.டி. இப்போது மெக்சிகோவின் டுராங்கோ மாநிலத்தில், சராபியாவின் சொந்த ஊரான லெர்டோவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.