நபூத் பாலையில் ஒரு விரலெலும்பு

சவூதி அரபியாவின் வடபால் நபூத் என்னும் பெரும் பாலைவனம் பரந்து கிடக்கின்றது. செந்நிற மணல்மேடுகள் பிறை வடிவில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நிலம் அது. அங்கே அல்வுஸ்தா எனப்படும் ஓரிடத்தில், 2016ஆம் ஆண்டில், சவூதி நாட்டு நிலநூலாரும் மேனாட்டுத் தொல்லியலாரும் அடங்கிய குழுவொன்று ஓர் எலும்பைக் கண்டெடுத்தது. நீளம் 3.2 சென்டிமீட்டர், நம் சுண்டுவிரலில் ஏறத்தாழப் பாதி. கைவிரலொன்றின் இடைக்கணு அது என்றும், பெரும்பாலும் நடுவிரலுக்குரியது என்றும், நம்மையொத்த மனிதரின் எலும்பே என்றும் அறிஞர்கள் ஆய்ந்து கூறினர். நடுவிரலை அரபு மொழியில் அல்வுஸ்தா என்றே வழங்குவர் என்பது அம்மொழி கற்ற நம் வாசகர்க்கு உடனே நினைவுக்கு வரும்.

மண்ணில் புதையுண்ட எலும்பு நிலத்தடி நீரிலுள்ள யுரேனியத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக் கொள்கின்றது. அந்த யுரேனியம் மாறாத ஒரு வேகத்தில் சிதைந்து தோரியமாகின்றது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் காலம் தெரியும். இம்முறையில் அவ்வெலும்பின் வயது ஏறத்தாழ 87,000 ஆண்டுகள் எனக் கண்டு, 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இத்துணைச் சிறிய எலும்புக்கு ஏன் இத்துணை மதிப்பு என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் தோன்றிய மனிதர் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் ஒரே முறை அக்கண்டத்தை விட்டுப் புறப்பட்டனர்; செங்கடலின் தென்வாயிலாகிய பாபுல் மந்தபைக் கடந்து, கடலோரமாகவே சிப்பியும் மீனும் தின்று கிழக்கு நோக்கி நடந்தனர் என்பது நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்த கருத்து. அரபகத்தின் உள்நாடு அவர்களுக்குச் சுவராக நின்றது என்றே பலரும் எண்ணினர். பாலஸ்தீனத்தின் கர்மல் மலைக் குகைகளிலும் நாசரேத்தை அடுத்த கப்ஸா குகையிலும் ஒரு இலட்சம் ஆண்டுப் பழமையுள்ள எலும்புகள் 1930களிலேயே கிடைத்திருந்தன. ஆயினும் அவற்றை ஆப்பிரிக்காவின் வாயிற்படியில் நின்று திரும்பியவர்களின் எச்சம் என்று ஒதுக்கிவிட்டனர். அல்வுஸ்தாவோ கடலினின்றும் வெகுதொலைவில், பாலையின் நடுவே உள்ளது. விரலெலும்பு கிடைத்த அதே படிவில் நீர்யானையின் எலும்புகளும் கிடந்தன. நீர்யானை பகலெல்லாம் நீரில் அமிழ்ந்து கிடந்தாலன்றி உயிர்வாழாத விலங்கு. எனவே அங்கு வற்றாத நன்னீர் ஏரி இருந்தது திண்ணம்.

பாலை என்றும் பாலையாகவே இருந்ததில்லை என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. அரபு நாட்டின் வெட்டவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்றும், அங்குக் கிணறு தோண்டும்போது வெளிப்படும் சிப்பிகளே அதற்குச் சான்று என்றும் பதினோராம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் அறிஞர் அல்பிரூனி. அவர் கருதியது இன்னும் மிகப் பழங்காலத்தை. ஆனால் மண்ணைத் தோண்டி அதன் அடுக்குகளைக் கொண்டு நிலத்தின் வரலாற்றைப் படிக்கலாம் என்று அவர் கண்ட நெறியே இன்று நபூதில் கையாளப்படுவது.

ஏரி எங்ஙனம் வந்தது? பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலைபோல மெல்லத் தள்ளாடுகின்றது. அதனால் ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வடபாதியின் கோடை கடுமையாகின்றது. நிலம் மிகுதியாகச் சூடேற, பருவமழை வழக்கமான எல்லையைத் தாண்டி வடக்கே ஏறுகின்றது. ‘மவ்சிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்தே பருவக்காற்றுக்கு மேனாட்டார் பெயர் வைத்தனர். நம் கடலோர மரக்கலத்தார் நம்பிக் கடலோடியதும் அக்காற்றையே. அத்தகைய மழை அரபகத்தின் நெஞ்சுவரை சென்ற காலங்களில் புல் முளைத்தது, பள்ளங்கள் ஏரிகளாயின, ஆப்பிரிக்க விலங்குகள் வந்தன. விலங்குகளின் பின்னே மனிதரும் வந்தனர்.

ஒருமுறை மட்டும் வந்தனர் என்று கொள்வதற்கில்லை. நபூதின் பழைய ஏரிப் படுகைகளில் ஐந்து வெவ்வேறு காலத்துக் கல்லாயுதங்கள் கிடைத்தன என 2021ஆம் ஆண்டில் அறிவித்தனர்: ஏறத்தாழ 4 இலட்சம், 3 இலட்சம், 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பின்னர் 1,30,000 முதல் 75,000 வரை, இறுதியாக 55,000. முற்பட்டவை நம் இனத்துக்கு முந்திய மாந்தருடையவை. ஒவ்வொரு காலத்து ஆயுதமும் மற்றதினின்று வேறுபட்டிருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. முன்பிருந்தோர் வழிவழியாக அங்கே தங்கியிருந்தால் தொழில்முறை தொடர்ந்திருக்கும். மழை நின்றதும் அவர்கள் அகன்றனர், அல்லது மடிந்தனர். அடுத்த மழைக்கு வேறு மக்கள் வந்தனர் என்பதே பொருத்தமாகப் படுகின்றது. அல்அஸர், அதாவது ‘சுவடு’, எனப் பெயர் பெற்ற ஓரிடத்தில் ஏறத்தாழ 1,20,000 ஆண்டுப் பழமையுள்ள ஏரிச் சேற்றில் யானை, ஒட்டகம், மனிதர் ஆகியோரின் அடிச்சுவடுகள் பதிந்துள்ளன. கல்லாயுதமோ வெட்டுப்பட்ட எலும்போ அங்கு இல்லை. நீர் பருகிவிட்டுச் சென்றிருக்கின்றனர், அவ்வளவுதான். ஷார்ஜாவின் ஜபல் ஃபாயாவிலும் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுப் பழமையுள்ள ஆயுதங்கள் கிடைத்தமை 2011இல் வெளியாயிற்று.

இம்மக்களின் பிறப்பிடத்தைப் பற்றியும் கருத்து மாறியுள்ளது. 1967இல் எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றங்கரையில் கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவையே தொட்டில் என்றனர். ஆனால் மொராக்கோவின் ஜபல் இர்ஹூதில் 1961இல் சுரங்கத் தொழிலாளர் கண்ட மண்டையோடு, முதலில் நாற்பதாயிரம் ஆண்டுப் பழமையே உடையது எனக் கருதப்பட்டு ஏறக்குறைய மறக்கப்பட்டது. பின்னர் மீண்டும் அகழ்ந்து ஆராய்ந்ததில் அவ்விடம் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது என 2017இல் தெளிவாயிற்று. முகம் நம் முகமே. தலையின் பின்புறம் மட்டும் இன்னும் நீண்டிருந்தது. மக்ரிப் முதல் தெற்கு முனைவரை ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருந்த பல குழுக்களின் கலப்பில் உருவானதே நம் இனம் என்னும் கொள்கை இன்று வலுப்பெற்று வருகின்றது. ஒரே மூலையைத் தொட்டில் எனச் சுட்டுவது இனி எளிதன்று என்பதே நம் கருத்தும்.

இனி, அவ்விரலுக்குரியவர் நமக்கு என்ன உறவு? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தம் குடிவழியை அரபு முன்னோர்வரை எண்ணிச் சொல்லும் குடும்பங்கள் பல. தலைமுறைக்கு 30 ஆண்டு எனக் கொண்டால் ஹிஜ்ரத் தொட்டு இன்றுவரை ஏறத்தாழ 47 தலைமுறைகள். அல்வுஸ்தா மனிதர் காலந்தொட்டோ ஏறத்தாழ 2,900. அத்துணை நீண்ட வழியில் அவருடைய கிளை நம்வரை வந்து சேர்ந்ததா? மரபணு ஆய்வு தரும் விடை உவப்பானதன்று. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்று வாழும் அனைவரும், அரபியரும் சீனரும் ஐரோப்பியரும் நாமும், பெரும்பாலும் 60,000 முதல் 50,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒரு சிறு கூட்டத்தின் வழிவந்தோர். அக்கூட்டம் மேற்காசியாவில் நியாண்டர்தால் மாந்தரோடு மணவுறவு கொண்டது. அதன் அடையாளம் 1 முதல் 2 விழுக்காடு வரை நம் குருதியில் இன்றும் உண்டு; 2010இல் அதனை மெய்ப்பித்தவர் ஸ்வாந்தே பேபோ, 2022இல் நோபல் பரிசு பெற்றவர். அதற்கு முந்தி அரபகத்துக்கு வந்தோர், ஏரிக்கரையில் விரலை விட்டுச்சென்றவர் உட்பட, பெரும்பாலும் வழித்தோன்றல் இன்றி மறைந்தனர் என்றே கொள்ளவேண்டியுள்ளது. அரபு மண்ணில் கண்டெடுக்கப்பட்ட அம்மனிதருக்கு இன்றைய அரபியரே பேரர் என உரிமை கொண்டாட இயலாது.

பிந்தி வந்த கூட்டம் விரைந்து பரவியது. இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டில், ஃபாஹியன் குகையில், ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முந்திய அம்புமுனைகள் கிடைத்துள்ளன. புல்வெளியும் ஏரியும் பழகிய மக்களின் வழிவந்தோர், வானம் தெரியாத காட்டில் உச்சிக்கிளைக் குரங்கை வில்லால் வீழ்த்தி, அதன் எலும்பையே தீட்டி அடுத்த அம்புக்கு முனையாக்கிக் கொண்டிருந்தனர்.