நோயாளர் அமைப்புகளும் நிதிச் சார்பும்: ஒரு வரலாற்று நோக்கு

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேடிசன் நகரில், மனநோயுற்றோரின் குடும்பத்தினர் ஒன்றுகூடி ‘நாமி’ என்னும் தேசியக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தனர். நோயுற்றோரின் குரலாக எழுந்த இவ்வமைப்பு, காலப்போக்கில் மருந்து நிறுவனங்களின் கொடையைப் பெரிதும் சார்ந்து நின்றது. 2006 முதல் 2008 வரை அது பெற்ற நன்கொடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, அதாவது சுமார் 23 மில்லியன் டாலர், அந்நிறுவனங்கள் வழங்கியது என்பது, செனட்டர் சார்ல்ஸ் கிராஸ்லியின் விசாரணையால் 2009இல் வெளிப்பட்டது. அதன்பின் அவ்வமைப்பு பெருங்கொடையாளர் விவரங்களை வெளியிடலாயிற்று.

எனினும் 2010இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவர்க்கும் போதனா மருத்துவமனைகளுக்கும் நிறுவனங்கள் வழங்கும் தொகையையே அறிவிக்கப் பணித்தது. நோயாளர் அமைப்புகள் அதன் வரம்பிற்குப் புறத்தே நின்றன.

கொடை பெறுதல் குற்றமன்று. ஆயின் வெளிப்படைத்தன்மை சார்பைப் புலப்படுத்துமேயன்றி, அதனை நீக்காது. ஒரு துறையின் கொடையையே நம்பியிராமையும், கொள்கை முடிவுகளில் கொடையாளர்க்கு இடமளியாமையுமே நோயாளரின் குரலை நோயாளர்க்கே உரியதாகக் காக்கும்.