மகளிர் காப்பகம் – மலையகத் தோட்டங்களில்

மகளிர் காப்பகம் என்பது வீட்டில் அடி உதைக்கும் மிரட்டலுக்கும் ஆளான பெண்ணையும் அவள் பிள்ளைகளையும், இருக்குமிடம் வெளியே தெரியாதபடி சில நாட்களோ சில மாதங்களோ தங்க வைத்துக் காக்கும் இல்லம். 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிசி தொடங்கிய இல்லம் இந்த ஏற்பாட்டை உலகறியச் செய்தது. இலங்கையில் 1987இல் தொடங்கிய ‘வுமன் இன் நீட்’ அமைப்பு சட்ட உதவி, ஆலோசனை, அடைக்கலம் ஆகியவற்றில் முன்னோடி. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் காப்பகத்துக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தது: பெண் கேட்டுக்கொண்டால் நீதவான் அவளைக் காப்பகத்தில் சேர்க்கக் கட்டளையிடலாம், அவள் எங்கே இருக்கிறாள் என்பதைக் காப்பகம் வெளியே சொல்லக்கூடாது.

இலங்கையின் மலைநாடான மலையகத்தில் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்த ஏற்பாடு நகரத்தில் வகுத்தபடியே பொருந்துவதில்லை. நகரத்துப் பெண் வீட்டை விட்டு வெளியேறினால் பெரும்பாலும் வீடு மட்டுமே போகும். தோட்டத்துப் பெண்ணுக்கு வீட்டோடு வேலை, கூலி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் எல்லாம் சேர்ந்தே போகின்றன.

லயமும் செக்ரோலும்

லயம் ஆங்கிலேயத் துரைமார் காலத்தில் வேலையாட்களுக்காகக் கட்டப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போன பிறகும் லயத்தில் குடியிருக்கும் உரிமை பெரும்பாலும் தோட்ட வேலையோடு கட்டுண்டே இருக்கிறது. ஒரு காம்பராவில் விழும் அடி அடுத்த காம்பராவில் கேட்கும். ஆனாலும் “அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்” என்று பேசாமல் இருந்துவிடுவதே வழக்கம்.

இரவில் அடிபட்டவள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கிறாள். போகாவிட்டால் அன்றைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், பேர் விழாது; கூலியும் இல்லை. போனாலும், வீங்கிய மணிக்கட்டோடு கொழுந்தெடுத்தால் கிலோ குறையும்; கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும். 2024இல் ஒரு நாளின் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் ஆனது. தீபாவளி முற்பணம் சம்பளத்தில் கழிந்துகொண்டிருக்கும்போது ஒரு மாதம் எங்கோ ஒரு காப்பகத்தில் இருந்துவிட்டு வா என்று சொன்னால், திரும்பி வரும்போது கையில் கடன்தான் மிஞ்சும். காப்பகத்துக்குப் போக மறுக்கும் பெண்ணை அறியாதவள், அஞ்சியவள் என்று எழுதிவிடுகிறார்கள். அவள் போடுகிற கணக்கு சரியான கணக்கு.

அவளுக்கு வழமையான அடைக்கலம் வேறு. அம்மா வீடு, அண்ணன் வீடு, தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் (பிரிவில்) கட்டிக்கொடுத்த அக்கா வீடு. அந்த வீடும் ஒரே காம்பராதான். ஏற்கெனவே ஆறேழு பேர் படுக்கிற இடத்தில் அவளும் பிள்ளைகளும் ஒடுங்குகிறார்கள். சில நாளில் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் நடுவில் நின்று சமாதானம் பேசி அனுப்பி வைப்பார். தொழிற்சங்கத் தலைவருக்குக் கணவனும் அங்கத்தவன், மனைவியும் அங்கத்தவள். குடும்பம் பிரியாமல் இருப்பதையே அவர் வெற்றியாகக் கொள்கிறார். அடி நின்றதா என்று திரும்பப் போய்க் கேட்பவர் அரிது.

யார் வெளியேறுவது?

காப்பகம் பற்றிய மறுசிந்தனை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரியா 1997இல் கொண்டுவந்த சட்டம், அடித்தவனை உடனே வீட்டை விட்டு வெளியேற்றும் அதிகாரத்தைப் பொலிசுக்கே கொடுத்தது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு உறுதி செய்தது. இலங்கைச் சட்டத்திலும் வழி இருக்கிறது. நீதவான் 14 நாள் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதம் வரையான கட்டளையும் பிறப்பிக்கலாம்; குடியிருக்கும் வீட்டுக்குள்ளும் அவள் வேலை செய்யும் இடத்துக்குள்ளும் கணவன் நுழையாமல் தடுக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லயத்தில் இதை நிறைவேற்றுவது எளிதல்ல. வெளியேற்றப்பட்டவன் நாலு காம்பரா தள்ளி அண்ணன் வீட்டில் இருப்பான். காலையில் இருவரும் அதே பெரட்டுக்களத்துக்கு வருவார்கள். தோட்ட நிர்வாகம் அவனுக்கு வேறு டிவிசனில் இடமும் வேலையும் ஒதுக்கினால் ஒழியக் கட்டளை காகிதத்தில்தான் இருக்கும். மொழியும் இன்னொரு தடை. தமிழில் வாக்குமூலம் எழுத ஆளில்லாத பொலிஸ் நிலையங்களைப் பற்றிய முறைப்பாடு மலையகத்தில் மிகப் பழையது. தனக்குப் படிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுத் தொடங்கும் வழக்கு அவளுக்கு எவ்வளவு தூரம் துணை நிற்கும்?

ஆகவே காப்பகம் வேண்டாம் என்பதல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் அந்த இரவிலேயே அவளை அப்புறப்படுத்தித்தான் ஆக வேண்டும். அதற்குக் காப்பகத்தில் இடம் இருக்க வேண்டும். ஐரோப்பிய மன்றத்தின் அளவுகோல் பத்தாயிரம் பேருக்கு ஒரு குடும்பம் தங்கும் இடம். 2012 குடிசன மதிப்பீட்டில் 711,644 பேர் வாழ்ந்த நுவரெலியா மாவட்டத்துக்கு அந்தக் கணக்கில் எழுபதுக்கு மேற்பட்ட இடங்கள் தேவை. இலங்கை அதற்குக் கிட்டவும் வரவில்லை. 2019இல் நடந்த தேசிய மகளிர் நல்வாழ்வு ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் ஐந்தில் ஒருவர் துணையின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார்.

மலையகத்துக்கு வேண்டியது ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் எட்டும் தூரத்தில், தமிழ் பேசும் பணியாளர்களோடு இயங்கும் சிறிய காப்பகங்கள். அங்கே இருக்கும் நாட்களில் செக்ரோலில் அவள் பேர் அழியாமல் இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய பெண்ணுக்குச் சம்பளத்தோடு பத்து நாள் விடுமுறை கொடுத்தது. கம்பனிகளோடு கூலிக்குப் பேசும் தொழிற்சங்கங்கள் இதையும் கேட்கலாம். அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக இயங்கும் ‘நட்பு நிலையங்களுக்கு’த் தோட்டத்து மருத்துவமாது நேரே அனுப்பி வைக்கும் ஒழுங்கு வேண்டும். காயத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான். லயங்களுக்குப் பதிலாக எழும் தனி வீடுகளின் உறுதிப்பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். இவற்றுள் நிரந்தரப் பாதுகாப்பு இது ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் முடிபு.

அதுவரை, பாதுகாப்புக் கட்டளை கேட்டு அடிபட்டவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அரசின் மகளிர் உதவித் தொலைபேசி எண் 1938. அடிபட்டவள்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. பக்கத்துக் காம்பராவில் இருப்பவரும் அழைக்கலாம்.