திரேவி நீரூற்று: கட்டியவரும் காத்தவரும்

2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் இரவு, உரோமை புனித இராயப்பர் பேராலயத்தின் திருக்கதவைத் திறந்து, திருத்தந்தை பிரான்சிஸ் யூபிலி ஆண்டைத் தொடங்கி வைத்தார். அதற்கு இரண்டு நாள் முன்னர் அதே நகரில் மற்றொரு திறப்பும் நடந்தது. பல வாரங்களாகத் தண்ணீரின்றி, துப்புரவுப் பணியாளர்களின் கையில் இருந்த திரேவி நீரூற்றில் மீண்டும் தண்ணீர் விடப்பட்டது. யூபிலிக்கு வரும் திருப்பயணிகளை அழுக்குப் படிந்த முகத்தோடு வரவேற்கலாகாது என்று உரோமை மாநகராட்சி செய்த ஏற்பாடு அது.

விழா என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். உலகப் புகழ் பெற்ற நகரும் அதையேதான் செய்தது. இத்தகைய மலர்களில் கட்டியவர்களைப் பற்றி எழுதுவது மரபு, அது கடமையுங்கூட. ஆயினும் கட்டியதைக் காத்தவர்களைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் திரேவி நீரூற்றைப் போல் தெளிவாகச் சொல்லும் சின்னம் வேறு இல்லை எனலாம்.

கன்னியின் தண்ணீர்

நீரூற்றின் வயது முந்நூறு ஆண்டுக்கும் குறைவு. ஆனால் அதில் பாயும் தண்ணீரின் வரலாறு இரண்டாயிரம் ஆண்டைத் தாண்டியது. கிறிஸ்து பிறப்பதற்கு 19 ஆண்டுகளுக்கு முன், மாமன்னர் அகுஸ்துஸின் மருமகனான அகிரிப்பா, தாம் கட்டிய குளிப்பு மண்டபத்திற்கென்று நகருக்கு வெளியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டுவித்தார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாயின் பெரும்பகுதி நிலத்துக்கடியிலேயே ஓடுகிறது. தாகத்தால் தவித்த போர்வீரர்களுக்கு ஓர் இளங்கன்னி ஊற்றுக்கண்ணைக் காட்டினாள் என்றும், அதனாலேயே அதற்குக் ‘கன்னி நீர்’ எனப் பெயர் வந்தது என்றும் பழங்கதை கூறும். நீரூற்றின் பின்சுவரில் இக்கதையைச் சித்திரிக்கும் புடைப்புச் சிற்பம் ஒன்றை இன்றும் காணலாம்.

கி.பி. 537-இல் கோத்தியர் உரோமையை முற்றுகையிட்டபோது நகருக்கு வந்த கால்வாய்களை எல்லாம் வெட்டி விட்டனர். நகர மக்கள் கிணற்றையும் தைபர் ஆற்றையும் நம்பி வாழ வேண்டியதாயிற்று. இந்தக் கன்னிக் கால்வாய்க்குள்ளேயே பகைவர் புகுந்து நகருக்குள் வர முயன்றதாக, அப்போரை நேரில் கண்டு எழுதிய புரோக்கோப்பியுஸ் குறித்திருக்கிறார். உயர்ந்த வளைவுகளின் மேல் கம்பீரமாகச் சென்ற கால்வாய்கள் பல பின்னர் இடிந்து பாழாயின. மண்ணுக்குள் அடக்கமாக ஓடிய இது மட்டும் பிழைத்துக் கொண்டது.

ஆனால் அது தானாகப் பிழைத்ததென்று எண்ணிவிடலாகாது. எட்டாம் நூற்றாண்டில் பாப்பரசர் முதலாம் ஆதிரியான் அதைப் பழுது பார்த்தார். 1453-இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலாஸ் மீண்டும் சீர் செய்து, அதன் முடிவில் மக்கள் தண்ணீர் பிடிக்க எளிய தொட்டி ஒன்றை அமைத்தார். 1570-இல் புனித ஐந்தாம் பத்திநாதர் காலத்தில் ஊற்றுக்கண் வரை கால்வாய் முழுவதும் செப்பனிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சேற்றில் இறங்கி, இடிந்த கல்லை எடுத்து, அடைத்த வழியைத் திறந்திருக்கிறார். அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

முப்பது ஆண்டுக் கட்டடம்

பாப்பரசர் எட்டாம் உர்பான் அந்தப் பழைய தொட்டிக்குப் பதிலாகப் பெரியதொரு நீரூற்றை எழுப்ப விரும்பிச் சிற்பி பெர்னீனியிடம் பணியை ஒப்படைத்தார். பாப்பரசர் 1644-இல் காலமானதும் அத்திட்டம் நின்று போயிற்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே, பன்னிரண்டாம் கிளமெந்து அதைக் கையிலெடுத்தார். நிக்கோலா சால்வி என்னும் உரோமைக் கலைஞரின் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1732-இல் வேலை தொடங்கியது. செலவுக்குப் பணம்? பரிசுச் சீட்டு வருமானம் அதற்குக் கைகொடுத்தது!

கால்வாயில் நீர் வரும் சரிவு மிகக் குறைவு. ஆகையால் தண்ணீரை வானளாவப் பீய்ச்சி அடிக்க முடியாது. இந்தக் குறையையே சால்வி நிறைவாக்கினார். தொட்டியைத் தெரு மட்டத்திற்குக் கீழே தாழ்த்தி, பாறைகளின் மேல் தண்ணீர் வழிந்து விழுமாறு அமைத்தார். போலி மாளிகையின் முகப்பையே பின்புலமாக்கி, 26 மீட்டர் உயரமும் 49 மீட்டர் அகலமும் கொண்ட கல் நாடகமேடை ஒன்றை உருவாக்கினார். நடுவே சிப்பித் தேரில் நிற்பவர் கடல்தேவனாகிய ஓசெயனுஸ். தேரை இழுக்கும் குதிரைகளில் ஒன்று அடங்கியும் ஒன்று திமிறியும் நிற்கும். கடலின் இரு குணங்களும் அவை.

வலப்புறம் கைப்பிடிச் சுவரின் மேல் பெரிய கல் குடம் ஒன்று இருக்கிறது. எதிரே சவரக்கடை வைத்திருந்த ஒருவர் நாள்தோறும் வேலையைக் குறை கூறிக் கொண்டே இருந்தாராம். அவர் கண்ணில் வேலை படாதிருக்கவே சால்வி அதை அங்கு வைத்தார் என்று உரோமையர் வேடிக்கையாகச் சொல்வர். பொதுப்பணி செய்பவர்க்கு எந்த ஊரிலும் இந்தச் சோதனை உண்டு போலும்!

இதில் மனத்தைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. பணியைத் தொடங்கிய பாப்பரசர் கிளமெந்து, வேலை தொடங்கிய அதே 1732-இல் தம் கண்பார்வையை முற்றிலும் இழந்தார், 1740-இல் காலமானார். சால்வி 1751-இல் இறந்தார். ஜூசெப்பே பன்னீனி பொறுப்பேற்று, பியெத்ரோ பிராச்சி செதுக்கிய கடல்தேவன் சிலையையும் நிறுத்தி, 1762-இல் பதின்மூன்றாம் கிளமெந்து காலத்தில் முடித்து வைத்தார். முகப்பில் இன்று மூன்று பாப்பரசர்களின் பெயர்கள் உள்ளன: பன்னிரண்டாம் கிளமெந்து, பதினான்காம் ஆசீர்வாதப்பர், பதின்மூன்றாம் கிளமெந்து. ஒருவர் தொடங்கியதை மற்றவர் கைவிடாததால்தான் நீரூற்று நமக்குக் கிடைத்தது.

கல்லுக்கும் நோய் உண்டு

கட்டி முடித்தவுடன் கவலை தீர்ந்தது என்று எவரும் இருக்க முடியவில்லை. முகப்பும் பாறைகளும் திரவெர்த்தீன் என்னும் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. அக்கல்லில் இயல்பாகவே நுண்துளைகள் உண்டு. தண்ணீர் பட்டுக் கொண்டே இருக்கும் இடத்தில் பாசி பிடிக்கும். தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, கொதிகெண்டியின் உட்புறத்தில் படிவது போல் சிலையின் மேல் படிந்து, செதுக்கிய கோடுகளை மழுங்கச் செய்யும். மழை படாத மூலைகளிலோ, மோட்டார் வண்டிகளின் புகையிலுள்ள கந்தகம் கல்லின் சுண்ணாம்போடு சேர்ந்து கருந்தோலாகிக் கல்லை அரிக்கும். போதாக்குறைக்குப் புறாக்களின் எச்சம்.

1998-இல் பெரும் துப்புரவு நடந்தது. வெடிப்புகள் அடைக்கப்பட்டன, விழுந்த தண்ணீரையே மீண்டும் மேலே ஏற்றும் பம்புகள் பொருத்தப்பட்டன. 2012-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் உரோமையில் வழக்கத்துக்கு மாறாகப் பனி பெய்தது. அவ்வாண்டிலேயே முகப்பின் மேற்பகுதியிலிருந்து அலங்காரத் துண்டுகள் சில உடைந்து விழுந்தன. நகரம் விழித்துக் கொண்டது. ஆனால் கருவூலத்தில் பணம் இல்லை. உரோமையிலேயே பிறந்த ‘பெந்தி’ என்னும் ஆடை அலங்கார நிறுவனம் இருபது லட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட செலவை ஏற்க முன்வந்தது.

2014-இல் தண்ணீரை வடித்து, சாரம் கட்டி, கல் கல்லாகத் துப்புரவு செய்தனர். பணி நடந்த காலத்தில் மக்களை ஒதுக்கிவிடவில்லை. வற்றிய தொட்டியின் மேல் நடைபாலம் ஒன்று அமைத்து, வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டனர். 2015 நவம்பர் 3-ஆம் நாள் மாலை, புதிய விளக்குகளின் ஒளியில் தண்ணீர் மீண்டும் பாய்ந்தது.

‘பொதுச் சொத்தைக் காக்க வணிகரிடம் கையேந்தலாமா?’ என்று அப்போது சிலர் கேட்டனர். கேட்கத் தக்க கேள்விதான். ஆனால் முதலில் கட்டியபோதே பரிசுச் சீட்டுப் பணம் கலந்திருந்ததை மறக்கக் கூடாது. ஒரு முறை பெரும் பழுது பார்க்க எவராவது முன்வந்து விடுவர்; அதற்குப் புகழும் கிடைக்கும். அன்றாடம் தொட்டியைத் தேய்த்துக் கழுவவும், பம்பைக் கவனிக்கவும், பாசி தோன்றிய அன்றே அகற்றவும் முன்வருபவர் யார்? அந்தச் செலவை ஒழுங்காகச் செய்திருந்தால் பெரும் பழுதே சிறிதாகியிருக்கும் என்பது வீடு வைத்திருக்கும் எவரும் அறிந்த உண்மை.

மனிதர் கையாலும் கேடு வருவதுண்டு. 2007-இல் ஒருவர் சிவப்புச் சாயத்தைக் கொட்டித் தொட்டி முழுவதையும் சிவக்கச் செய்தார். 2023 மே மாதத்தில் பருவநிலைப் போராட்டக்காரர்கள் கரிக்குழம்பை ஊற்றினர். 3 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொட்ட வேண்டியிருக்கும் என்று நகர மேயர் வருந்தினார். நல்வேளையாக இரு முறையும் கல்லுக்கு நிலையான சேதம் நேரவில்லை.

தொட்டியில் விழும் காசு

நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகக் காசை எறிந்தால் மீண்டும் உரோமைக்கு வரும் பேறு கிட்டும் என்பது பயணிகளின் நம்பிக்கை. அது விளையாட்டு நம்பிக்கையே. ஆனால் விழும் காசு விளையாட்டன்று. அதிகாலையில் பணியாளர்கள் தொட்டியில் இறங்கி, துடைப்பங்கொண்டு காசுகளை ஒன்றாகக் கூட்டி அள்ளுகின்றனர். காசு அங்கேயே கிடந்தால் கறை ஏற்படுத்தும்; நீர் போகும் வழியையும் அடைக்கும். ஆகவே காசு அள்ளுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் அப்பணம் உரோமை மறைமாவட்டத்தின் காரித்தாஸ் அமைப்பிற்குச் செல்கிறது. ஏழைகளுக்கு உணவும், வீடற்றவர்க்குத் தங்குமிடமும் அதனால் கிடைக்கின்றன. 2019 சனவரியில், அப்பணத்தை மாநகராட்சியே எடுத்துக் கொள்ளப் போகிறது என்ற செய்தி பரவியது. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் யூரோ சேர்ந்து வந்தது. எதிர்ப்புக் குரல் எழவே, பணம் காரித்தாசுக்கே தொடர்ந்து போகும் என்று மேயர் அறிவித்தார்.

எண்ணிப் பார்த்தால் இதில் ஒரு நிறைவு தெரிகிறது. ஐந்தாம் நிக்கொலாஸ் தொட்டி கட்டியது ஊர் மக்களின் தாகம் தீர்க்க. இன்று சிலைகளைச் சுற்றிப் பாயும் நீர் பம்பால் சுழலும் நீர்; குடிக்கத் தக்கதன்று. ஆனாலும் அந்தத் தொட்டி தன் பழைய வேலையை விட்டுவிடவில்லை. தாகத்திற்குத் தண்ணீராய் இருந்தது, இன்று பசிக்குச் சோறாய் மாறியிருக்கிறது.

காப்போர் கடமை

2024 டிசம்பரில் நீரூற்று திறக்கப்பட்டபோது, ஒரே நேரத்தில் 400 பேருக்கு மேல் தொட்டியருகே செல்லலாகாது என்று ஒரு வரம்பும் விதிக்கப்பட்டது. எல்லாருக்கும் உரிய ஒன்றில் வரம்பு வைப்பது முதலில் கசக்கத்தான் செய்யும். ஆனால் நெரிசலில் எவரும் நின்று காண முடியாத அழகு எவருக்கும் உரியதாகாது. நேசிப்பவர்களின் கூட்டமே ஒன்றைத் தேய்த்துவிடக் கூடும் என்பது திரேவி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

முகப்பில் மூன்று பாப்பரசர்களின் பெயர்கள் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. கால்வாய்ச் சேற்றில் இறங்கியவர்கள், சாரத்தில் ஏறிக் கல்லைத் துடைத்தவர்கள், விடியலில் துடைப்பத்தோடு தொட்டியில் நின்றவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கும் இல்லை. ஆயினும் அவர்களில் ஒரு தலைமுறை கைவிட்டிருந்தால், முகப்பிலுள்ள பெயர்களை வாசிக்க இன்று முகப்பே இருந்திராது.

அன்பார்ந்த பங்கு மக்களே! யூபிலி மலரைப் புரட்டும்போது கட்டியவர்களை நன்றியோடு நினைப்போம். கூடவே, விளக்கேற்றி, கூரை மாற்றி, தரை கழுவி, கணக்கெழுதி, பெயர் இல்லாமல் காத்தவர்களையும் நினைப்போம். கட்டும் பேறு சில தலைமுறைக்கே வாய்க்கும். காக்கும் பேறு எல்லாத் தலைமுறைக்கும் உண்டு, நமக்கும் உண்டு.