சாட்சி யார் சொல்வது?

'சாட்சி சொல்லுங்க' என்றால் நமக்குப் போதகரும் மைக்கும்தான் ஞாபகம் வரும். அந்த நினைப்பை மாற்றியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். தெலுங்கு கற்றுக்கொண்டு, 1909-இல் டோர்னக்கல்லுக்கு ஊழியம் செய்யப் போனார்.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அசரியாவுக்கு அப்போது வயசு 35. உங்கள் தியாகத்துக்கு நன்றி; ஆனால் எங்களுக்கு வேண்டியது சிநேகம் என்ற கருத்தை மிஷனரிமார் முகத்துக்கு நேரே சொன்னார். சிலருக்குச் சுருக்கென்றது. அதுவும் ஒரு சாட்சிதான்!

1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். சாட்சியைப் பிரசங்க பீடத்தோடு அவர் நிறுத்திவிடவில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, சுவிசேஷம் சொல்வது தங்கள் கடமை என்று வாக்குக் கொடுக்கச் செய்வார். அவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான ஏழைகள். ஊர் யாரைப் பேசவிடவில்லையோ, அவர்களையே சாட்சிகளாக்கினார். 1945-இல் காலமானார்.

சபைப் பொறுப்பில் இருக்கும் நானும் சாட்சி சொல்ல எழும்பும்போது இரண்டு கேள்விகள் மனசில் வரும். உள்ளதைச் சொல்றேனா? அடுத்தவரையும் பேச விடறேனா?