போர்க்காலத்தில் ஒரு பந்தாட்டப் பருவம்

திண்டுக்கல் சமவெளியில் மாலைதோறும் கால்பந்தாடும் மாணவர் அறிந்து மகிழத்தக்க வரலாறு ஒன்று உண்டு. அது 1940-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், நம் மக்களின் இசைவைக் கேளாமலே வைசிராய் இந்தியாவை உலகப் போரில் ஈடுபடுத்திவிட்டார்.

1940-இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் தன் நகரத்து லீக் பட்டத்தைப் பெற்றது. பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டியிலும் வாகை சூடியது. எஞ்சியது டூரண்ட் கோப்பை. 1888-இல் சிம்லாவில் படைவீரர்களுக்கெனத் தோன்றிய அப்போட்டியில், படையைச் சாராத இந்தியக் குழு எதுவும் அதுவரை வென்றதில்லை.

அவ்வாண்டு அப்போட்டி தில்லியில் நடைபெற்றது. அக்டோபரில் வினோபா தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில், போரை எதிர்த்துப் பேசியோர் சிறை புகுந்துகொண்டிருந்த காலம் அது. டிசம்பர் 12-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் முகமதன் குழு, ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது.

ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு நின்ற இடம் அந்த ஆடுகளம். நாட்டில் மறுக்கப்பட்ட சமநிலை ஆட்டம் முடியும்வரை அங்கே நிலவியது. அது கிட்டியபோது வெல்லவும் இயலும் என்பதை இந்தியர் காட்டினர்.

மறு ஆண்டு போரின் காரணமாக டூரண்ட் போட்டி நின்றது. 1950-இல் அது மீண்டும் தொடங்கியபோது, இந்தியா குடியரசாகியிருந்தது.