மகேஷ் பூபதி
மகேஷ் பூபதி (பிறப்பு: 7 ஜூன் 1974, சென்னை) இரட்டையர் ஆட்டத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற முன்னாள் இந்திய டென்னிஸ் வீரர். வலக்கையர். ஆண்கள் இரட்டையரில் நான்கும் கலப்பு இரட்டையரில் எட்டுமாக 12 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றவர்.

ஆட்டமுறை: ஆடுகளத்தின் இடப்பக்கத்தில் நின்று, எதிரணியின் சர்வீஸைப் பின்கையால் வலுவாகத் திருப்பி அடிப்பது இவரது முதன்மை ஆயுதமாக இருந்தது. வலையருகே விரைந்து செயற்பட்ட இவரது இரட்டையர் இணையர் லியாண்டர் பயஸுக்கு இது பொருத்தமான துணையாயிற்று.

வரலாறு: அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1995இல் கல்லூரிகளுக்கிடையேயான தேசிய இரட்டையர் பட்டத்தை வென்றார். 1997இல் ஜப்பானின் ரிகா ஹிராக்கியுடன் பிரெஞ்சுப் பகிரங்கக் கலப்பு இரட்டையரை வென்று, கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 1999இல் பயஸுடன் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் ஆடி, பிரெஞ்சு, விம்பிள்டன் பட்டங்களைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 அன்று உலக இரட்டையர் தரவரிசையில் முதலிடம் அடைந்தார். 2001 பிரெஞ்சுப் பட்டம் பயஸுடனும், 2002 அமெரிக்கப் பகிரங்கப் பட்டம் பெலருஸின் மக்ஸ் மிர்னியுடனும் கிடைத்தன. 2006 அவுஸ்திரேலிய வெற்றியோடு கலப்பு இரட்டையரில் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களும் நிறைவுற்றன. 2009, 2012 கலப்புப் பட்டங்களில் இணையர் சானியா மிர்சா.

முக்கியத்துவம்: டேவிஸ் கிண்ணத்தில் பயஸ்–பூபதி இணை தொடர்ந்து 24 ஆட்டங்களில் வென்று சாதனை படைத்தது. இரட்டையர் ஆட்டத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு உலக முதலிடம் எட்டலாம் என்பதைத் தெற்காசிய வீரர்களுக்கு இவரது வாழ்க்கை காட்டியது. 2001இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.